அவைக்கதவு அடைபட்டால்...

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

விவிலியத்தில் அரசர்கள் முதல் நூலின் 12ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சாலமோன் மன்னர் மறைந்தபின் அவர் மகன் ரெகபெயாம் அரியணை ஏற வந்தார். மக்கள் திரண்டு வந்து, தந்தை தங்கள் மேல் சுமத்திய பாரத்தைச் சற்றுக் குறைக்குமாறு வேண்டினர். மன்னர் மூன்று நாள் தவணை கேட்டார். சாலமோனிடம் பணியாற்றிய முதியவர்கள், மக்களிடம் கனிவாகப் பேசும்படி அறிவுரை கூறினார்கள். மன்னரோடு வளர்ந்த இளைஞர்களோ கடுமையாகப் பேசும்படி தூண்டினார்கள். அவர் இளைஞர்களின் சொல்லையே ஏற்றார். பாரத்தை இன்னும் கூட்டுவேன் என்றார். பத்துக் குலங்கள் அவரை விட்டுப் பிரிந்தன. ஒன்றாயிருந்த நாடு இரண்டாயிற்று.

வரலாற்று வகுப்பில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் படித்த அன்று இந்த நிகழ்ச்சிதான் என் நினைவுக்கு வந்தது. பாடம் முடிந்ததும் என் தோழி ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், அரசருக்கும் மக்கள் அவைக்கும் இப்படிப்பட்ட சண்டை நம் பக்கத்தில் நடந்ததே இல்லையா?" என்று கேட்டாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக மேற்கே தெரிந்த மலையைக் காட்டி, "அந்த மலைக்கு அப்பால் தேடிப் பாருங்கள்" என்றார்கள். அப்படித் தேடியதில் கிடைத்தவற்றையே இங்கு எழுதியிருக்கிறேன்.

முதலில் இங்கிலாந்தின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிறகு மலையைத் தாண்டுவோம்.

பூட்டிக் கிடந்த பாராளுமன்றம்

முதலாம் சார்லஸ் 1625இல் இங்கிலாந்தின் மன்னரானார். அரசர்க்குரிய அதிகாரம் கடவுளிடமிருந்தே வருகிறது. ஆகவே மன்னர் எந்த மனிதருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. ஆனால் இங்கிலாந்தில் வழிவழியாக ஒரு முறை இருந்தது. புது வரி விதிக்க வேண்டுமானால் பாராளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். பாராளுமன்றமும் சும்மா சம்மதிக்காது. "பணம் தருகிறோம், முதலில் எங்கள் குறைகளைக் கேளுங்கள்" என்னும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் அந்நாட்டு மக்களின் உரிமை வளர்ந்தது.

1628இல் பாராளுமன்றம் உரிமை விண்ணப்பம் என்னும் முறையீட்டை மன்னர் முன் வைத்தது. சம்மதமின்றி வரி வாங்கக் கூடாது, காரணம் சொல்லாமல் யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்பவை அதன் முக்கியமான கோரிக்கைகள். மன்னர் அதை ஏற்றார். ஆனால் மறு ஆண்டே, 1629இல், பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார். அதன்பின் 11 ஆண்டுகள் அவையைக் கூட்டவே இல்லை.

அவை இல்லை, பணத்துக்கு என்ன செய்வது? போர்க்காலத்தில் கடற்கரை ஊர்களிடம் வாங்கும் கப்பல் வரியை அமைதிக் காலத்திலும் வாங்கினார். பின்பு கடலையே காணாத உள்நாட்டு ஊர்களிடமும் வாங்கினார். ஜான் ஹாம்ப்டன் என்னும் நிலக்கிழார் தம் பங்கான 20 ஷில்லிங்கைக் கொடுக்க மறுத்தார். அவரிடம் பணம் இல்லாமல் இல்லை; சம்மதமின்றிக் கொடுப்பது முறையல்ல என்பதே அவர் வாதம். வழக்கை 12 நீதிபதிகள் விசாரித்தனர். 7 பேர் மன்னர் பக்கமும் 5 பேர் ஹாம்ப்டன் பக்கமும் தீர்ப்புக் கூறினர். சட்டப்படி மன்னர் வென்றார்; ஆனால் மக்கள் மனத்தில் தோற்றார்.

1637இல் ஸ்காட்லாந்து மக்கள்மேல் ஒரு புதிய வழிபாட்டு நூலைத் திணிக்க முயன்றபோது அங்கே கலகம் மூண்டது. கலகத்தை அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்குப் பாராளுமன்றம் வேண்டும். 1640இல் வேறு வழியின்றி மன்னர் அவையைக் கூட்டினார். முதலில் கூடிய அவையை மூன்று வாரத்தில் கலைத்தார். நவம்பரில் மீண்டும் கூட்ட நேர்ந்தது. 11 ஆண்டுகளாகப் பேச இடமின்றி அடக்கி வைத்த குறைகளெல்லாம் அணை உடைந்த வெள்ளமாக வந்து சேர்ந்தன.

அப்போதும் சமாதானத்துக்கு வழி இருந்தது. ஆனால் இரு பக்கமும் நம்பிக்கை அற்றுப் போயிருந்தது. 1641இல் அயர்லாந்தில் கிளர்ச்சி எழுந்தபோது, படையை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி பிறந்தது. மன்னர் கையில் கொடுத்தால் அதை நம்மேல் திருப்புவார் என்று பாராளுமன்றம் அஞ்சியது. பாராளுமன்றத்திடம் விட்டால் தம் முடியே போகும் என்று மன்னர் அஞ்சினார். அரசி ஹென்ரியட்டா மரியா கத்தோலிக்கர் என்பதால், சமயத்தைக் காட்டிப் பயமுறுத்தியவர்களும் நிறையப் பேர்.

1642 ஜனவரி 4ஆம் நாள் மன்னர் ஆயுதம் தாங்கிய வீரர்களோடு அவைக்குள் நுழைந்தார். ஹாம்ப்டன் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்வதே நோக்கம். அவர்களோ முன்பே தப்பிவிட்டார்கள். "அவர்கள் எங்கே?" என்று மன்னர் கேட்டார். அவைத்தலைவர் லெந்தால் மண்டியிட்டு, அவை கட்டளையிட்டாலன்றித் தமக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்ற பொருளில் பணிவாக விடை கூறினார். மன்னர் வெறுங்கையோடு திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றினார். தந்தை ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமுமாக நின்று போரிட்ட குடும்பங்களும் உண்டு. 1645இல் நேஸ்பி போரில் மன்னர் படை முறிந்தது. 1649 ஜனவரி 30ஆம் நாள் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது.

வென்றவர்கள் செய்தது என்ன?

கதை இங்கே முடிந்திருந்தால், "கொடுங்கோலன் வீழ்ந்தான், மக்கள் வாழ்ந்தார்கள்" என்று எழுதிவிடலாம். ஆனால் நடந்தது வேறு. மன்னரை விசாரிக்க ஒப்பாத உறுப்பினர்களை 1648 டிசம்பரிலேயே படைவீரர்கள் அவை வாசலில் தடுத்து நிறுத்தினர். 1649இல் பாராளுமன்றப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் அயர்லாந்துக்குப் போய், டிராகெடா நகரில் சரணடைந்தவர்களையும் குருக்களையும் இரக்கமின்றிக் கொல்லச் செய்தார். 1653இல் அதே கிராம்வெல் வீரர்களோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்து, எஞ்சியிருந்த உறுப்பினர்களையும் வெளியேற்றிக் கதவைப் பூட்டினார். எந்த அவையின் உரிமைக்காகப் போர் தொடங்கியதோ, அந்த அவையையே அதன் படைத்தலைவர் பூட்டினார்!

1660இல் மன்னராட்சி திரும்பி வந்தது. மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பது உறுதியாக 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேசித் தீர்த்திருக்கக் கூடிய ஒன்றுக்கு இங்கிலாந்து ஏறத்தாழ 50 ஆண்டுகளை விலையாகக் கொடுத்தது.

மலைக்கு அப்பால் இரு சமஸ்தானங்கள்

கோயம்புத்தூர்ச் சீமை 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வந்தது. எனவே சென்ற நூற்றாண்டில் நம் ஊரில் மன்னர் இல்லை. ஆனால் மன்னராட்சி நம் வாசல் வரை இருந்தது. பொள்ளாச்சிக்கு மேற்கே உள்ள சித்தூர் அன்று கொச்சிச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. உடுமலையிலிருந்து மலையேறினால் வரும் மறையூரும் மூணாறும் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை.

இரண்டிலும் மகாராஜா உண்டு; அவருக்காக ஆட்சியை நடத்தும் திவான் உண்டு; சட்டசபையும் உண்டு. திருவிதாங்கூர்ச் சட்டசபை மிகப் பழமையானது. 1888இல் எட்டு உறுப்பினர்களோடு தொடங்கப்பட்டது. இந்திய சமஸ்தானங்களில் இப்படிப்பட்ட அவை அமைந்தது அதுவே முதல் முறை. 1924இல் மருத்துவர் மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார் அந்த அவையில் இடம் பெற்றார் என்பது பெண்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தி. கொச்சியில் 1925இல் சட்டசபை கூடியது.

1938ஆம் ஆண்டில் இவ்விரு சமஸ்தானங்களின் முன்னும் ஒரே கேள்வி வந்து நின்றது. அமைச்சர்கள் மன்னருக்கு மட்டும் பதில் சொல்வதா, மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குப் பதில் சொல்வதா? அவைக்குப் பதில் சொல்லும் ஆட்சியைப் பொறுப்பாட்சி என்பார்கள். ஒரே ஆண்டில், ஒரே கேள்விக்கு, அடுத்தடுத்த இரு நாடுகள் இரு வேறு விடைகளைத் தந்தன. அதைவிட வியப்பு, அந்த இரு விடைகளுக்கும் காரணமான இரு திவான்களுமே நம் கோவையோடு தொடர்புடையவர்கள்.

கொச்சியில் கதவு திறந்தது

கொச்சியின் திவான் ஆர். கே. சண்முகம் செட்டியார். 1892இல் நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். டில்லியில் மத்திய சட்டசபையின் தலைவராக இருந்துவிட்டு, 1935இல் கொச்சிக்குத் திவானாகப் போனார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சராகி, 1947 நவம்பர் 26ஆம் நாள் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தவரும் அவரே.

அவர் செய்தவை யாவும் கொச்சி மக்களுக்குப் பிடித்திருந்தன என்று சொல்ல முடியாது. 1936இல் திருச்சூரில் மின்சார விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்து அவர் ஆட்சியிலேயே பெருங்கிளர்ச்சி நடந்தது. ஆனாலும் 1938இல் கொச்சியில் ஒரு புதிய முறை வந்தது. ஆட்சியில் சில துறைகள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அமைச்சரின் பொறுப்பில் விடப்பட்டன. அந்த அமைச்சர் சட்டசபைக்குக் கட்டுப்பட்டவர். அம்பாட்டு சிவராம மேனன் முதல் அமைச்சரானார். இந்திய சமஸ்தானங்களில் இதுவே முதல் முயற்சி. அவர் சில மாதங்களில் மறையவே, டாக்டர் ஏ. ஆர். மேனன் அந்தப் பதவிக்கு வந்தார். 1942இல் சட்டசபை நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது, அவர் பதவி விலகினார், வேறொருவர் வந்தார்.

இது பெரிய சுதந்திரம் அல்ல. முக்கியமான துறைகள் திவானிடமே இருந்தன. ஆனால் பிடிக்காத ஓர் அமைச்சரைக் கையை உயர்த்தி வாக்களித்தே மாற்ற முடியும் என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். சிறிய கதவுதான், ஆனால் திறந்த கதவு.

திருவிதாங்கூரில் கதவு அடைந்தது

திருவிதாங்கூரின் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர். இவரைக் கோவை மக்கள் மறக்கக் கூடாது. முன்பு சென்னை அரசாங்கத்தில் சட்ட உறுப்பினராக இருந்தபோது பைக்காரா மின் திட்டத்துக்கு அடிகோலியவர்களில் இவர் முக்கியமானவர். 1930களில் அந்த மின்சாரம் வந்தபின்தான் நம் ஊர்ப் பஞ்சாலைகள் பெருகின. 1936இல் திவானானதும், நவம்பர் 12ஆம் நாள் எல்லாச் சாதியினருக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட மகாராஜா சித்திரைத் திருநாளின் புகழ் பெற்ற ஆணைக்குத் துணை நின்றார். 1937இல் பல்கலைக்கழகமும், 1940இல் பள்ளிவாசல் மின் நிலையமும் அவர் காலத்தில் வந்தன. அறிவிலும் ஆற்றலிலும் குறை சொல்ல முடியாத மனிதர்.

குறை வேறிடத்தில் இருந்தது. திருவிதாங்கூர்ச் சட்டசபையில் எதிர்ப்பைப் பேசலாம். திவானை மாற்ற முடியாது. இரு அவைகளுக்கும் திவானே தலைவர். வாக்குரிமையும் நிலவரி செலுத்துவோர் போன்ற சிலருக்கே இருந்தது. இதனால் தங்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமூகத்தாரும் 1932 முதலே சேர்ந்து போராடினர். அப்போராட்டத் தலைவர்களில் ஒருவரான சி. கேசவன் 1935இல் ஒரு சொற்பொழிவுக்காகச் சிறை சென்றார்.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. பட்டம் தாணுப் பிள்ளை அதன் தலைவர். பொறுப்பாட்சி வேண்டும், திவானை நீக்க வேண்டும் என்று மகாராஜாவிடம் விண்ணப்பித்தனர். சார்லஸ் மன்னரிடம் கொடுத்த உரிமை விண்ணப்பத்தை இது நமக்கு நினைவூட்டவில்லையா? விடையும் அதே போன்றதுதான். ஆகஸ்டில் அந்தக் காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. தலைவர்கள் சிறை புகுந்தனர். ஆகஸ்டு 31ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் கூடிய மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. "மலையாள மனோரமா" நாளிதழின் உரிமம் பறிக்கப்பட்டது. அவைக்கதவு மட்டுமல்ல, செய்தித்தாளின் கதவும் அடைபட்டது.

துப்பாக்கி முன் ஓர் ஆசிரியை

தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறை சென்றதும், தலைமைப் பொறுப்பு 29 வயதான ஓர் ஆசிரியையிடம் வந்தது. அவர்தான் அக்கம்மா செரியன். 1909இல் காஞ்சிரப்பள்ளியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்; எர்ணாகுளம் புனித தெரசாள் கல்லூரியில் வரலாற்றுப் பட்டம் பெற்றவர். ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார்.

1938 அக்டோபர் 23ஆம் நாள், தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனையை நோக்கிப் பல்லாயிரம் மக்கள் அவர் தலைமையில் நடந்தனர். வழியில் படை நின்றது. சுடுவதற்கு ஆணை பிறந்தபோது அக்கம்மா முன்னே வந்து, தலைவி நான்தான், மற்றவர்களைச் சுடுமுன் என்னைச் சுடுங்கள் என்று உறுதியாகக் கூறினார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. சிறையிலிருந்த தலைவர்கள் விடுவிக்கப்பட்டனர். காந்தியடிகள் அவரைத் "திருவிதாங்கூரின் ஜான்சி ராணி" என்று பாராட்டினார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு லெந்தாலின் நினைவு வந்தது. அவர் மண்டியிட்டுப் பணிவாகப் பேசினார். இவர் நிமிர்ந்து நின்று பேசினார். இருவர் கையிலும் ஆயுதம் இல்லை. ஆயினும் ஆயுதம் ஏந்தியவர்களே அன்று பின்வாங்கினார்கள்.

போரின் விளிம்பில்

ஒரு நாள் வெற்றியால் கதவு திறந்துவிடவில்லை. 1946 ஜனவரியில் திவான் ஒரு புதுத் திட்டத்தை வெளியிட்டார். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து அவையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆட்சி நடத்தும் திவானை அந்த அவை நீக்க முடியாது என்பதே அதன் சாரம். அமெரிக்க முறையைப் போன்றது என்று அவர் விளக்கினார். அமெரிக்காவில் குடியரசுத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே திவானை யார் தேர்ந்தெடுத்தார்கள்? மக்கள் ஏற்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில், ஆலப்புழைப் பகுதியில் கயிற்றுத் தொழிலாளர்களும் மீனவர்களும் விவசாயக் கூலிகளும் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் திரண்டெழுந்தனர். கூலி உயர்வும் பசியும் ஒரு காரணம். திவானின் திட்டம் மற்றொரு காரணம். அக்டோபர் 24ஆம் நாள் புன்னப்புராவில் போலீஸ் முகாமைத் தாக்கினர். இரு பக்கமும் உயிர்கள் மடிந்தன. இராணுவச் சட்டம் வந்தது. அக்டோபர் 27ஆம் நாள் வயலாரில், கமுக மரத்தில் ஈட்டி செய்து வைத்திருந்தவர்கள்மேல் இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இதை முழு உள்நாட்டுப் போர் என்று சொல்ல முடியாது. ஆனால் போர் பிறப்பது இப்படித்தான். பேச இடமில்லாதவன் கை ஈட்டியைத் தேடுகிறது; கேட்க மனமில்லாதவன் கை துப்பாக்கியைத் தேடுகிறது.

1947 ஜூன் 11ஆம் நாள், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் இந்தியாவில் சேராமல் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சிக்கு வந்த அவரை ஒருவர் கத்தியால் வெட்டினார். அவர் படுகாயத்தோடு உயிர் தப்பினார். இந்தச் செயலை நாம் மெச்ச முடியாது. கொலை செய்யாதே என்பது கடவுளின் கட்டளை. ஆனால் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். வாக்கால் நீக்கும் வழி இருந்த கொச்சியில் அமைச்சர் மாற ஒரு தீர்மானம் போதுமாயிருந்தது. வாக்கால் நீக்கும் வழி அடைபட்ட திருவிதாங்கூரில் கத்தி வந்தது.

மன்னர் வழிவிட்டார்

இந்த இடத்தில்தான் சித்திரைத் திருநாள் மகாராஜா சார்லஸ் மன்னரிலிருந்து வேறுபடுகிறார். அவர் போர்க்கொடி ஏற்றவில்லை. சில நாட்களுக்குள் இந்தியாவோடு இணையச் சம்மதம் தெரிவித்தார். ஆகஸ்டு 19ஆம் நாள் சர் சி. பி. பதவியை விட்டுச் சென்றார். செப்டம்பர் 4ஆம் நாள் பொறுப்பாட்சிக்கு மகாராஜா ஆணையிட்டார். 1948 பிப்ரவரியில் வயது வந்த ஆண்களும் பெண்களும் வாக்களித்தனர். மார்ச்சில், முன்பு சிறைக்குப் போன பட்டம் தாணுப் பிள்ளையே ஆட்சித் தலைவரானார். அக்கம்மா செரியன் போட்டியின்றிச் சட்டசபை உறுப்பினரானார்.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்தன. மகாராஜா 1956 வரை அதன் இராஜப்பிரமுகராக இருந்தார். 1991இல் மக்கள் மதிப்புக்குரியவராகக் காலமானார். அதிகாரத்தை விடாமல் பிடித்த மன்னர் தலையை இழந்தார். விட்டுக்கொடுத்த மன்னர் மதிப்போடு வாழ்ந்தார்.

மக்களாட்சிக்கும் ஒரு சோதனை

கிராம்வெல் கதையில் கண்டதை மறந்துவிடக் கூடாது. கதவை அடைப்பவர்கள் மன்னர்கள் மட்டுமல்லர்.

திருவிதாங்கூரின் தென்பகுதியில் தமிழர்கள் மிகுதி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி முதலிய தலைவர்கள் போராடினர். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடிய மக்கள்மேல் போலீசார் சுட்டனர். பலர் உயிர் துறந்தனர். அப்போது முதலமைச்சர் யார் தெரியுமா? அதே பட்டம் தாணுப் பிள்ளை! 1938இல் துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்தவரின் ஆட்சியிலேயே 1954இல் துப்பாக்கிகள் வெடித்தன. அவர் கட்சியின் தலைவர்களில் ஒருவரான இராம் மனோகர் லோகியாவே, மக்களைச் சுட்ட அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று கூறினார்.

ஆனால் இம்முறை முடிவு வேறாக அமைந்தது. 1955 பிப்ரவரியில் சட்டசபையின் நம்பிக்கையை இழந்து அந்த அமைச்சரவை விலகியது. கத்தி வரவில்லை, கைகள்தான் உயர்ந்தன. மாநிலச் சீரமைப்புக் குழு முறையீடுகளைக் கேட்டு அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் அந்த நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்தன; செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்து சேர்ந்தது. இறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்பது வேதனைதான். ஆயினும் திறந்திருந்த அவைக்கதவு மேலும் இரத்தம் சிந்தாமல் காத்தது.

முடிவுரை

மன்னருக்கும் அவைக்கும் கருத்து வேறுபாடு வந்ததால் மட்டும் போர் வருவதில்லை. வேறுபாடு எந்த வீட்டிலும் உண்டு. கேட்பதை ஒருவர் நிறுத்துகிறார். பிறகு சம்மதம் இல்லாமலே காரியத்தை நடத்துகிறார். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் அஞ்சி ஆயுதம் தேடுகிறார்கள். இந்த மூன்று படிகளில்தான் போர் ஏறி வருகிறது. முதற்படியிலேயே தடுப்பது எளிது; மூன்றாம் படியில் தடுக்க ஓர் அக்கம்மா செரியன் தம் நெஞ்சைக் காட்ட வேண்டியிருக்கிறது.

சர் சி. பி. நல்ல காரியங்கள் பல செய்தவர். ஆனால் நல்லதைச் செய்கிறவரையும் கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். தேவைப்பட்டால் அமைதியாக மாற்ற ஒரு வழியும் வேண்டும். "நான் உங்கள் நன்மைக்குத்தானே செய்கிறேன்" என்ற சொல் அதற்கு ஈடாகாது. காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்பதை அரசரின் பண்பாக வள்ளுவர் வைத்ததும் இதனால்தான் போலும்.

அன்புத் தோழியரே! 18 வயதானால் நமக்கு வாக்குரிமை வரும். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு இன்னும் மூன்றே ஆண்டுகள். கப்பல் வரிக்காக வழக்காடியவரும், வயலாரில் மாண்டவர்களும், புதுக்கடையில் விழுந்தவர்களும் தேடிய உரிமை நம் கைக்கு எந்தச் செலவும் இல்லாமல் வந்து சேரப் போகிறது. அதைச் சோம்பலால் விட்டுவிடாமல் இருப்போம். வாக்களிப்பதோடு நின்றுவிடாமல், எதிர்த்துப் பேசுகிறவளையும் பேசவிட்டுக் கேட்கும் பழக்கத்தை இன்றே, நம் வகுப்பிலும் வீட்டிலும் தொடங்குவோம்.

பெற்றோரிடமும் ஆசிரியைகளிடமும் ஒரு சிறு வேண்டுகோள். நாங்கள் சில சமயம் "ஏன்?" என்று கேட்டால் அதை அடங்காமை என்று நினைத்துவிடாதீர்கள். அவையில் எழுந்து நின்று மரியாதையோடு கேட்கப் பழகுகிறோம், அவ்வளவே.

மாலையில் பள்ளி விட்டுப் போகும்போது மேற்கே அந்த மலை தெரிகிறது. முன்பு அதைப் பார்த்தால் ஊட்டியும் மழையும்தான் நினைவுக்கு வரும். இப்போது, அதற்கு அப்பால் துப்பாக்கிகளின் முன் நின்ற ஓர் ஆசிரியையின் நினைவு வருகிறது.